மாடிப்படிக்கு அடுத்தது ரொசாலின்

வித்துட்டோமா? எவ சொன்னா உனக்கு? மாடிப்படியை வித்துத் திங்கிற குடும்பமா இது? எதுத்த வீட்டுக்காரி சொல்லியிருப்பா, அவளுக்கு வாய் சும்மா இருக்காது. இங்க பாரு தமயந்தி, நீ மாடிக்குக் குடி வந்து நாலு நாள்தான் ஆச்சு. பக்கத்து வீட்டு மொட்டை மாடி வழியா ஏறி இறங்கக் கஷ்டமாத்தான் இருக்கும், இல்லேங்கல. ஆனா அந்தப் படியை யாரும் விக்கல. எண்பத்தஞ்சாம் வருஷம் ஜூலை பதினாலாம் தேதி அதுக்கு விடுதலை குடுத்தோம். அது போயிடுச்சு. அவ்வளவுதான்.

எங்க வீட்டுல வருஷா வருஷம் அப்படித்தான். பிரெஞ்சுக்காரன் தேசிய நாளுக்கு வீட்டுச் சாமான்ல ஒண்ணை விடுதலை பண்ணிடுவோம். நீ திண்டிவனத்துக்காரி, உனக்குத் தெரியாது. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்களை பாண்டிச்சேரியில சொல்தான்னு சொல்லுவோம். எங்க மாமனார் எஸ்தாஷ் அந்த மாதிரி சொல்தா. சைகோன்ல பதினோரு வருஷம் இருந்தாரு. அங்க ஒரு பதினாலாம் தேதி, ஆபீசர் எல்லாரையும் வெயில்ல நிக்க வச்சு, இன்னிக்குத்தான் பாரீசுல ஜனங்க ஒரு ஜெயிலை உடைச்சு உள்ள இருந்தவங்களை வெளிய விட்டாங்கன்னு சொல்லியிருக்கான். மத்தவங்க கேட்டுட்டு மறந்துட்டாங்க. பட்டாளத்துக்காரன் காதுல எது விழுந்தாலும் உத்தரவுதானே? எங்க மாமனார் ஊருக்கு வந்த முதல் வருஷமே கிளியை விட்டுட்டாரு. மறுவருஷம் விடறதுக்குக் கிளி இல்ல. அதனால கூண்டை விட்டாரு. அது கிளியைத் தேடிக்கிட்டு வில்லியனூர் பக்கமா போச்சுன்னு சொல்லுவாங்க. அகப்பட்டுச்சோ என்னமோ.

அதுக்கப்புறம் குழப்பம் வேணாம்னு ஒரு பட்டியல் போட்டுட்டாரு. இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழ சட்டம் போட்டு மாட்டியிருந்துச்சு. பேரு, எண்ணிக்கை, வரிசை. வருஷத்துக்கு ஒண்ணு.

காலையில சொல்தாக்கள்லாம் மெடலைக் குத்திக்கிட்டு கடற்கரைச் சாலையில அணிவகுத்துப் போவாங்க. திரும்பி எங்க வீட்டுக்கு வர்றப்போ பதினோரு மணி ஆயிடும். ஆனி மாசத்து வெயில், ஒருத்தரு மேலயும் சட்டை காஞ்சிருக்காது. தெருக்கதவை ரெண்டு பக்கமும் விரியத் திறந்து வைப்போம். மாமனார் காலமானதுலேருந்து எங்க வீட்டுக்காரர்தான் பட்டியலைப் பார்த்து பேரைப் படிப்பாரு. படிச்ச உடனே எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கணும். போறவங்க முகத்தைப் பார்த்தா அவங்களுக்குப் போக மனசு வராது. சுவரைப் பார்த்தபடியே பிரெஞ்சுப் பாட்டைப் பாடணும். பாட்டு நடுவுல நின்னா மறுபடி முதல்லேருந்து. முடிச்சுத் திரும்பினா அந்தச் சாமான் இருக்காது. அப்புறம் காடி, அதான் வினிகர், ஊத்தின பன்னிக்கறியும் ரொட்டியும் சாப்பிடுவோம்.

விடுதலை ஆனதுக்கு மரியாதை உண்டு. தெருவுல பார்த்தா வாங்க போங்கன்னுதான் பேசணும். எங்க அம்மியை நான் ஒரு தடவை பஸ்ஸுல பார்த்தேன். ஜன்னலோரம் உக்கார்ந்திருந்தாங்க. கனத்துக்குன்னு கண்டக்டர் ரெண்டு டிக்கெட் கேட்டான், ரெண்டையும் வாங்கிக்கிட்டாங்க. நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன். லேசா அசைஞ்சாங்க. நான் அரைச்ச அரைப்புக்கு அதுவே பெருசு. எங்க மாமியா ஒருத்தி இருந்தா, மிளகாயைத் தண்ணியே விடாம அரைக்கச் சொல்லுவா... அது கிடக்கட்டும். படியைப் பத்தித்தானே கேட்டே? படியைப் பத்திச் சொல்லணும்னா ரொசாலினைப் பத்திச் சொல்லணும்.

ரொசாலின் எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. எனக்கு நாத்தனார். இடது கன்னத்துல மிளகு மாதிரி ஒரு மச்சம். அவ பொறந்த அன்னிக்கே வீட்டுக்கு ஒரு கண்ணாடி அலமாரி வந்துச்சு. அதோ நிக்குதே, அதுதான். தேக்கு. மாமனார் ரெண்டு சீட்டு எழுதினாரு. ஒண்ணு பதிவு ஆபீசுக்கு, பொறந்த குழந்தையைப் பதிய. இன்னொண்ணு வீட்டுப் பட்டியல்ல ஒட்ட. சந்தோஷத்துல ரெண்டு சீட்டையும் ஒரே பையில போட்டுக்கிட்டுப் போனாரு. ஆபீசுல அலமாரிச் சீட்டை நீட்டிட்டாரு.

குமாஸ்தா கேட்டிருக்கான், "பொண்ணா?"

"பொண்ணுதான்."

"ஏழடின்னு எழுதியிருக்கே?"

"எங்க வம்சமே உயரம்," அப்படின்னாரு மாமனார்.

அவன் எழுதி முத்திரை குத்திட்டான். வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த சீட்டைப் பட்டியல்ல ஒட்டியாச்சு. மாடிப்படி ஒண்ணு, ரொசாலின் ஒண்ணு, அம்மி ஒண்ணு, முக்காலி ஒண்ணு, தண்ணி ஜாடி ஒண்ணு, தெருக்கதவு ஒண்ணு. சாயந்தரம்தான் மாறிப்போனது தெரிஞ்சுது. முத்திரை குத்தினதை யாரு மாத்துறது? அப்படியே விட்டுட்டாங்க.

அதனால இந்த வீட்டுல பிரெஞ்சுக் குடியுரிமை அலமாரிக்குத்தான். வயசு வந்ததுலேருந்து ஓட்டுப் போடறாங்க. வேட்பாளருங்க பேரு போட்ட சீட்டுகளை அவங்க இழுப்பறையில வச்சு மூடிடுவோம், காலையில பார்த்தா ஒண்ணுதான் இருக்கும். பதினாலாம் தேதி சாயந்தரம் பிரெஞ்சு கான்சல் இருக்கிற பெரிய வீட்டுல விருந்து நடக்கும், அதுக்கு அட்டை வரும். செல்வி அலமாரி எஸ்தாஷ் அவர்கள், துணைக்கு ஒருவர்னு போட்டிருக்கும். அந்த ஒருத்தர் எங்க வீட்டுக்காரர்தான். அமாலோர்னு பேரு. அவரு பொறந்தப்போ மாமனார் சைகோன்ல இருந்தாரு. பதியவும் ஆளில்ல, பட்டியல்ல ஒட்டவும் ஆளில்ல. எந்தக் காகிதத்துலயும் இல்லாத மனுஷன். அந்த அட்டை ஒண்ணுலதான் அவரு அண்ணன்காரர்னு உள்ள போயி, கோட்டு போட்டுக்கிட்டு நாலு பேருகூட நின்னு பேசுவாரு. அந்த ஒரு சாயந்தரத்துக்காக வருஷம் பூரா இருப்பாரு.

ரொசாலினுக்கு அதுல என்ன வேலைன்னு கேளு. விருந்துக்கு ஒரு வாரம் முன்னாடியே தேங்காயெண்ணெய் போட்டு அலமாரியைத் தேய்ப்பா. தள்ளுவண்டியில ஏத்தினதும் கூடவே குடை பிடிச்சு நடப்பா, கண்ணாடியில வெயில் படக் கூடாதுன்னு. குடைக்கு வெளிய அவ. வாசல்ல இறக்கி விட்டதும் வண்டிக்குப் பக்கத்துல நடைபாதையில நிப்பா. சாமானுக்கு அழைப்பு கிடையாதே. ரெண்டு மணி நேரம் கழிச்சு அண்ணன் கைக்குட்டையில ஒரு துண்டு சீஸ் மடிச்சுக் கொண்டுவந்து குடுப்பாரு. நல்ல மனுஷன்தான். அதுல சந்தேகம் இல்ல.

அவளுக்குன்னு இந்த வீட்டுல இருந்தது ஒரு எடம்தான். மாடிப்படியில மூணாவது படி. பட்டாணி உரிச்சாலும் அங்கதான், தலை சீவினாலும் அங்கதான். பதினெட்டு படி இருந்தும் மத்ததுல ஒரு நாளும் உக்கார்ந்ததில்ல. அவ உக்காந்தா அந்தப் படி கிறீச்சுன்னு ஒரு சத்தம் போடும். நாங்க ஏறினா போடாது.

எண்பத்தஞ்சுல படியோட முறை வந்துச்சு. எல்லாரும் சுவரைப் பார்த்து நின்னோம். ரொசாலின்தான் எல்லாரையும் விடச் சத்தமாப் பாடினா. திரும்பிப் பார்த்தா மாடி இருந்த எடத்துல இருந்துச்சு, படி இல்ல. ஒரு மாசம் கழிச்சு மீன்காரி வந்து சொன்னா, வீராம்பட்டினம் கடற்கரையில உங்க படி நிக்குது, எங்கயும் ஏறாம, கடலைப் பார்த்துக்கிட்டுன்னு. அன்னிக்கு ராத்திரி ரொசாலின் சாப்பிடல. வயித்து வலின்னா.

மாடிப்படிக்கு அடுத்தது ரொசாலின். அதுல யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவ அடுத்த வருஷம் பதினாலாம் தேதி பையில ரெண்டு பொடவை எடுத்து வச்சுக்கிட்டு, தலைக்குக் குளிச்சு, வாசல் ஓரமா நின்னா. எங்க வீட்டுக்காரர் பட்டியலைப் பார்த்தாரு, தொண்டையைக் கனைச்சாரு, "அம்மி"ன்னு படிச்சாரு.

"அண்ணே, நடுவுல ஒரு வரி விட்டுட்டே."

"வெயில்ல கண்ணு கூசுது. அடுத்த வருஷம் பார்க்கலாம் ரொசா."

அடுத்த வருஷம் முக்காலி. ஒரு பொம்பளை வெளிய போனா ஊரு பேசும்னாரு. அதுக்கடுத்த வருஷம் தண்ணி ஜாடி. உசிரு உள்ளதை சாமான்னு விட முடியுமான்னாரு. கிளியை விட்டாரே அப்பான்னு இவ கேட்டா. கிளி பட்டியலுக்கு முந்தினதுன்னுட்டாரு. ஒவ்வொரு வருஷமும் பையை அவிழ்த்து பொடவையை மடிச்சு வச்சுட்டு, குடையை எடுத்துக்கிட்டு அலமாரி பின்னாடி நடந்தா.

ஏன் அவளே எந்திரிச்சுப் போகலேன்னுதானே பார்க்கிறே? விடுதலை ஆகாம ஒரு சாமான் வீட்டை விட்டுப் போனா அதுக்குப் பேரு திருட்டு. ஜாடி காணாமப் போனா என்ன சொல்லுவோம்? இவ போனா திருட்டுப் போன பொருளும் இவதான், திருடினவளும் இவதான். ஸ்டேஷன்ல வச்சு ரெண்டு பேரையும் அவ எப்படிச் சமாளிப்பா? அந்த மாதிரி ஒண்ணு எங்க பெரியம்மா வீட்டுல நடந்துச்சு, ஒரு உரல் தானாவே கெளம்பிப் போயி, சாட்சி சொல்ல வந்த உலக்கை... அதை இன்னொரு நாள் சொல்றேன்.

எண்பத்தொன்பது வந்துச்சு. பாரீசுல ஜெயிலை உடைச்சு இருநூறு வருஷம். விருந்துக்கு அட்டையே தங்க எழுத்துல வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் அதை மூணு நாள் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு.

ஆனா பட்டியல்ல மிச்சம் இருந்தது தெருக்கதவுதான். அதுக்கு என்ன அர்த்தம்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். கதவைத் திறந்து வச்சாத்தான் விடுதலை. கதவே போயிட்டா எதைத் திறக்கிறது? இந்த வருஷம் கதவைக் கூப்பிட்டா அப்புறம் யாரையும் எப்பவும் வெளிய விட முடியாது. ரொசாலின் பதிமூணாம் தேதி பூரா அலமாரியைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தா. கண்ணாடியில தெரிஞ்ச தன் முகத்தையே பார்த்துப் பார்த்துத் தேய்ச்சா. அப்பத்தான் அவளுக்குத் தோணுச்சாம். பின்னாடி அவளே சொன்னது.

மறுநாள் பதினோரு மணி. பன்னெண்டு சொல்தா வந்திருந்தாங்க. அலமாரி நடுக்கூடத்துல நின்னாங்க, குறுக்க மூணு கலர் பட்டை கட்டிக்கிட்டு, மாமனார் மெடலையும் குத்திக்கிட்டு. எங்க வீட்டுக்காரர் பட்டியலைக் கையில எடுத்தாரு. ரொசாலின் கையில பை இல்ல. அதைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

"அண்ணே, கதவைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்," அப்படின்னா.

"சீக்கிரம் சொல்லு. வெயில் ஏறுது."

"பட்டியல்ல ஒரு தப்பு இருக்கு. ரொசாலின்னு இருக்கிற எடத்துல அலமாரின்னு இருக்கணும். இத்தனை பெரியவங்க இருக்காங்க, இவங்க முன்னாடியே திருத்திடு. நான் ஆளு. அது சாமான்."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"திருத்திட்டா நான் பாட்டுக்கு இருந்துடறேன். எனக்கு விடுதலையே வேணாம். ஆனா மாடிப்படிக்கு அடுத்தது அலமாரின்னு ஆகுது. மூணு வருஷமா முறை தவறிப் போச்சு, பாவம். அதைக் கூப்பிடு."

கூடத்துல எல்லாரும் அலமாரியைப் பார்த்தாங்க. அலமாரி கண்ணாடியில எல்லாரும் தெரிஞ்சாங்க. எங்க வீட்டுக்காரர் கை சட்டைப் பைக்குப் போச்சு, அட்டை இருக்கான்னு.

"வாயைக் கழுவு! யாரைச் சாமான்கிறே? ஓட்டுப் போடறவங்களைப் பார்த்து சாமானா? அவங்க ஆளு! நீதான் சாமான்! அப்பா கையெழுத்துல இருக்கு, இந்தா, எல்லாரும் பாருங்க, ரொசாலின், ஒண்ணு!"

சொல்லி முடிச்சாரு. பெஞ்சுல உக்காந்திருந்த பழைய சொல்தா, லசார் கப்போரால், அவருக்கு அப்பவே எண்பது வயசு, மெதுவாக் கேட்டாரு.

"அப்ப முறை ரொசாலினோடதுதானே அமாலோர்?"

"சாயந்தரம் குடை யாரு பிடிப்பா?" எங்க வீட்டுக்காரர் குரல் சின்னப் புள்ளை மாதிரி ஆயிடுச்சு.

நான் சொன்னேன், "அண்ணன் நீங்கதானே. நீங்க பிடிங்க."

அவரு பட்டியலை ரொம்ப நேரம் பார்த்தாரு. "ரொசாலின்," அப்படின்னாரு. "ஒண்ணு."

எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பினோம். பாட ஆரம்பிச்சோம்.

ரொசாலினுக்கு அந்த நேரத்துல ஒண்ணுமே அவசரம் இல்லாத மாதிரி இருந்துச்சாம். நாலு வருஷமா அவசரப்பட்டவளுக்கு. கொத்துச் சாவியை எடுத்து என் இடுப்புல செருகினா, எனக்குத் தெரிஞ்சுது. அப்புறம் அடுப்படிக்குப் போயி கறியை இறக்கி வச்சா, அடி பிடிக்கப் போகுதுன்னு. அங்கயே ஒளிச்சு வச்சிருந்த பையை எடுத்துக்கிட்டு வாசப்படிக்கு வந்தா. வந்து திரும்பிப் பார்த்தா. சுவரைப் பார்த்தபடி வரிசையா முதுகு. ஈர முதுகு. அதுல அண்ணன் முதுகு எதுன்னு சுலபமாத் தெரிஞ்சுது, ஏன்னா அந்தக் கோட்டுல காலர் ஓரத்துல நாலு விரக்கடைக்குத் தையல் விட்டுப் போயிருந்துச்சு. முந்தின நாள் பூரா அலமாரியைத் தேய்ச்சதுல கோட்டைப் பார்க்க மறந்துட்டா.

பையைக் கீழ வச்சா. டப்பாவுலேருந்து ஊசி நூல் எடுத்தா. போயி அண்ணன் முதுகுக்குப் பின்னாடி நின்னு தைக்க ஆரம்பிச்சா.

எங்க வீட்டுக்காரருக்குக் கழுத்துல அவ விரல் படுது. திரும்பக் கூடாது, அது முறை. பாடிக்கிட்டே இருந்தவரு அப்படியே நின்னுட்டாரு. அவரு நின்னதும் பாட்டு நின்னுச்சு. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சோம். அவ ரெண்டு தையல் போட்டா. மறுபடி அவரு பாட்டை விட்டுட்டாரு. லசார் கப்போரால், "பாடுறா அமாலோர், அந்தப் பொண்ணை எவ்வளவு நேரம் நிக்க வைப்பே?"ன்னு சுவரைப் பார்த்தபடியே அதட்டினாரு. மூணாவது தடவை எங்க வீட்டுக்காரர்தான் முதல்ல ஆரம்பிச்சாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கடைசி வரி வரைக்கும் பாடினாரு. நடுவுல எங்கயோ அவ பல்லால நூலைக் கடிச்ச சத்தம் என் காதுல விழுந்துச்சு.

திரும்பினோம். அவ இல்ல. ஊசியைக் கோட்டு மடிப்புலயே குத்தி வச்சுட்டுப் போயிருந்தா.

அன்னிக்குச் சாயந்தரம் அலமாரிக்கு அவருதான் குடை பிடிச்சாரு. விருந்துல சீஸை மடிச்சு எடுத்துக்கிட்டு வெளிய வந்து நடைபாதையைப் பார்த்தாராம். அப்புறம் வண்டியிலயே வச்சுட்டாராம்.

அவ நேரா வீராம்பட்டினம்தான் போனா. வருஷத்துக்கு ஒரு தடவை இவரு பஸ் ஏறிப் போயி பார்த்துட்டு வருவாரு. மூணாவது படியில உக்காந்து மீனுக்கு மசாலா தடவிக்கிட்டு இருப்பா. இவரு மணல்ல செருப்பைக் கழட்டிட்டு நிப்பாரு.

"நல்லா இருக்கீங்களா?"ம்பாரு.

"நல்லாத்தான் இருக்கேன் அண்ணே. நீ எப்படி இருக்கே? பித்தானை மாத்திப் போட்டிருக்கே பாரு."

"சரிங்க. மாத்திக்கிறேங்க."

நானும் ரெண்டு தடவை போனேன். அவ எந்திரிச்சப்போ அந்தப் படி கிறீச்சுன்னுது. நான் சும்மா உக்காந்து பார்த்தேன், ஒரு சத்தமும் இல்ல. சிலதுங்க அப்படித்தான், ஆளு பார்த்துத்தான் பேசும்.

மறுவருஷம் கதவு போச்சு. நிலை மட்டும் நிக்குது, அது பட்டியல்ல இல்ல. அதுக்கப்புறம் வெளிய விடறதுன்னு ஒண்ணு கிடையாது. கதவு இல்லாத வீட்டுல உள்ள வர்றது மட்டும்தான். அதனால இப்பல்லாம் பதினாலாம் தேதிக்கு ஏதாவது ஒண்ணு வந்து நிக்கும். நாங்களும் வாங்கன்னு சொல்லிடுவோம். ஒரு வருஷம் காரைக்கால்லேருந்து ஒரு ஜன்னல் வந்துச்சு. தெக்குப் பக்கம் இருக்கே, அதுதான். அதைத் திறந்தா இன்னும் அவங்க தெருதான் தெரியுது. மாவு மிஷின்காரர் நல்ல மாதிரி, கையாட்டுவாரு. போன வருஷம் ஒரு சைக்கிள் பெல் வந்துச்சு. சைக்கிள் இன்னும் வரல, வழியில இருக்கும்.

இன்னிக்குத் தேதி என்ன? பதினாலுதானே? அதான் கேட்டேன். காலையிலேருந்து கறி வாசனை அடிக்குதே, நீ கவனிக்கலையா?

அட, பேச்சு சுவாரசியத்துல தூத்தல் போட்டதுகூடத் தெரியல. கொஞ்சம் அந்தப் பக்கம் நகரும்மா தமயந்தி, வாசல் மறைக்குது. யாரோ நிக்கிறாங்க. உயரம் அவ்வளவா இல்ல, ஏழு படி இருக்கும். உன் மாடிக்கு இப்ப எட்டாது. வளர்ற வயசு, ரெண்டு மழை பேஞ்சா எட்டிடும். மூணாவது படியைப் பார்த்தியா, இடது ஓரத்துல, மிளகு மாதிரி? அப்படியே ரொசாலினை உரிச்சு வச்சிருக்கு.

ஏங்க! அலமாரிகிட்ட என்ன அப்படிப் பேச்சு, சாயந்தரம் வண்டியில போறப்போ பேசிக்கலாம். வாசல்ல உங்க மருமக நனைஞ்சுக்கிட்டு நிக்கிறா. தாய்மாமன் வந்து கூப்பிடாம எப்படி உள்ள வருவா? குடையை எடுத்துக்கிட்டுப் போயி, கைப்பிடியைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கிட்டு வாங்க. மெதுவா, மேல் படி நிலையில இடிக்கப் போகுது.